தோட்டத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே

மேற்கு ஆப்பிரிக்காவில், சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டி இருக்கும் நாடு புர்க்கினா ஃபாசோ. அதன் கிழக்குப் பகுதியில் கூர்மா மாகாணம். 2010-ஆம் ஆண்டு அந்த மாகாணத்தின் 55 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 30 கிராமங்களில் பெண்களின் கையில் ஒரு பொதுத் தோட்டம் உருவாகும். மீதி 25 கிராமங்கள் வழக்கம்போல் இருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து இரு பக்கத்துத் தாய்மார்களின் எடையையும், உணவையும், குழந்தைகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டம்.

தோட்டம் போட்டால் காய்கறி கிடைக்கும், காய்கறி தின்றால் உடம்பு தேறும். இதற்கு எதற்குக் குலுக்கலும் சோதனையும் என்று தோன்றலாம். உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக அப்படி நினைத்துத்தான் ஊருக்கு ஊர் விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். விளைச்சல் கூடியதைக் கணக்கு காட்டவும் முடிந்தது. ஆனால் அந்த விளைச்சல் பெண்ணின் உடம்புக்குள் போய்ச் சேர்ந்ததா என்று ஆராய்ந்தவர்கள் குறைவு. ஆராய்ந்தபோது கிடைத்த விடைகளும் பெரும்பாலும் தெளிவில்லாதவை. மண்ணுக்கும் ரத்தத்துக்கும் நடுவே கடக்க வேண்டிய படிகள் பல. அவற்றில் ஒன்று இடறினாலும் பயன் அங்கேயே நின்றுவிடும்.

மழைக்காலத்தில் வரும் பசி

கூர்மாவில் மழை ஒரே பருவம்தான். ஜூன் வாக்கில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் முடிந்துவிடும். அந்த நான்கு மாத ஈரத்தில் கம்பும் சோளமும் விளைந்து, அடுத்த அறுவடை வரை குதிரில் இருந்து குடும்பத்தைக் காக்க வேண்டும். மக்களின் அன்றாட உணவுக்குத் 'தோ' என்று பெயர். கம்பு அல்லது சோள மாவைக் கொதிக்கும் நீரில் கிண்டி இறக்குவது. நம் ஊர்க் களிதான். தொட்டுக்கொள்ள வெண்டைக்காய், புளிச்சகீரை அல்லது பெருக்க மரத்து இலை போட்ட குழம்பு. மன்னாரில் அரேபிய வணிகர்கள் விட்டுச்சென்றதாகச் சொல்லப்படும் பருத்த அடிமரம் கொண்ட பெருக்க மரமேதான் அது.

குதிர் காலியாவது மழை தொடங்கும் நேரத்தில். புதுக் கதிர் முற்ற இன்னும் மூன்று மாதம் இருக்கும். உழவு, விதைப்பு, களையெடுப்பு எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான். அதாவது உடம்பு அதிகம் உழைக்கும் மாதங்களில் தட்டில் உணவு மிகக் குறைவு. மழைநீர் தேங்கி மலேரியாக் கொசு பெருகுவதும் அப்போதே. பசியும், வேலையும், காய்ச்சலும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருகின்றன. வயலில் குனிந்து நிற்பவள் கர்ப்பிணியாகவோ பால் கொடுப்பவளாகவோ இருந்தால் சுமை இரட்டிப்பு.

இந்தப் பருவப் பசி உடம்பில் என்ன செய்யும் என்பதை அதே மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அங்கே 28 கிராமங்களில், கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதம் முதல் நாள்தோறும் நிலக்கடலையும் அரிசி மாவும் சேர்த்து ஊரிலேயே சுட்ட பிஸ்கட்டுகளைக் கொடுத்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 1,000 கிலோகலோரி ஆற்றல். 1997-இல் வெளியான முடிவுகளின்படி, அறுவடைக் காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 94 கிராம் கூடியது. பசிக் காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு 201 கிராம் கூடியது. பிஸ்கட் ஒன்றேதான், மாதம் மாறியதால் பலன் இரண்டு மடங்கானது.

வறண்ட நிலத்தில் பெண்களின் உடல்நலத்துக்காகப் பண்ணை அமைப்பவர்களுக்கு இதில் முதல் பாடம் இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை டன் விளைந்தது என்பதைவிட, எந்த மாதத்தில் விளைந்தது என்பது முக்கியம்.

ஒரு பெண்ணின் இரும்புக் கணக்கு

எடை கண்ணுக்குத் தெரியும். சோகை தெரியாது. கர்ப்பமில்லாத பெண்ணின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அதைச் சோகை என்கிறது உலக சுகாதார அமைப்பு. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு தசைகளுக்குச் சுமந்து போகும் வேலை ஹீமோகுளோபினுடையது; அதன் நடுவில் இருப்பது இரும்பு. இரும்பு குறைந்தால் சோர்வு வரும், மூச்சு இரைக்கும், பிரசவத்தில் ஏற்படும் ரத்தப்போக்கைத் தாங்கும் வலு குறையும்.

ஆணுடன் ஒப்பிட்டால் பெண்ணின் இரும்புச் செலவு மிக அதிகம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போனால் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பும் போகிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் தேவை. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று வைத்தது. ஆணைவிடக் குறைவாகச் சாப்பிடும் பெண், ஆணைவிட ஒன்றரை மடங்கு இரும்பைத் தன் உணவிலிருந்து எடுத்தாக வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

சோளத்திலும் கம்பிலும் இரும்பு இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. ஆனால் தானியத்தின் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பைக் குடலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. உடம்பு எடுத்துக்கொள்ள விடுவதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் வகை இரும்பில் 15 முதல் 35 விழுக்காடு வரை ரத்தத்தில் சேரும். தானியம், பருப்பு, கீரை தரும் இரும்பில் சேர்வது பெரும்பாலும் அதில் சிறு பங்குதான்.

முருங்கைக்கீரையைப் பற்றி நம்மிடம் உள்ள நம்பிக்கையையும் இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து போன முருங்கை இன்று நைஜர் நாட்டு மக்கள் அதிகம் உண்ணும் கீரைகளில் ஒன்று. அதில் இரும்பு உண்டு. புரதம், கால்சியம், வைட்டமின் ஏ-வுக்கு மூலமான கரோட்டினும் உண்டு. ஆனால் கீரையின் இரும்பு தனியாக வந்தால் கொஞ்சம்தான் உள்ளே போகும். துணைக்கு வைட்டமின் சி வேண்டும். அது குடலில் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி, ஃபைட்டேட்டின் பிடியையும் தளர்த்துகிறது. அதே சாப்பாட்டில் வைட்டமின் சி உள்ள காயோ பழமோ சேர்ந்தால் சேரும் இரும்பு இரண்டு மடங்கு வரை, சில சமயம் அதற்கும் மேல் கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

கரோட்டினுக்கும் ஒரு துணை தேவை. கொழுப்பு இல்லாமல் அது குடலைத் தாண்டாது. வைட்டமின் ஏ குறைந்தாலோ, உடம்பில் சேமித்த இரும்பை எடுத்து ரத்தம் ஊறச் செய்வதே தடைப்படும். ஆகவே கீரையும், மஞ்சள் சதை கொண்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும், புளிப்பான பழமும், கடலையும், ஒரு முட்டையும் ஒரே தட்டில் சேர்ந்தால் அவற்றின் பலன் தனித்தனிப் பலன்களின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது. ஒற்றைப் பயிர் வயலில் இந்தத் தட்டு கிடைக்காது. பலவகைத் தோட்டத்தின் அறிவியல் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அறிவியல் அடையாளம் கண்டது. உடம்பில் கிருமி புகுந்து அழற்சி வந்தால் ஹெப்சிடின் கூடும். அது கூடினால் குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் இறங்கும் வழி அடைபடும். கிருமிகளும் இரும்பைத் தேடுபவை என்பதால், அவற்றுக்கு அது கிடைக்காமல் செய்ய உடம்பு வைத்திருக்கும் தற்காப்பு ஏற்பாடு இது. மலேரியாவோ, ஓயாத வயிற்றுப்போக்கோ, அசுத்த நீரோ உள்ள ஊரில் எவ்வளவு நல்ல தட்டை வைத்தாலும் இரும்பு உள்ளே போகாததற்கு இதுவே காரணம். கொசுவலையும், சுத்தமான குடிநீரும், சோப்பும் இல்லாத சோகை ஒழிப்பு பாதி வேலைதான்.

தண்ணீர் யார் தலையில்?

மழை நின்ற பிறகு எட்டு மாதம் தோட்டம் பிழைக்க வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் கோடைக்காலக் காய்கறிப் பாத்தி பெண்களுக்குப் புதிதல்ல. கிணற்றிலிருந்து மொண்டு, சுமந்து, கையால் ஊற்றி வளர்ப்பார்கள். கை வலிக்கும் அளவுக்குத்தான் பாத்தி பெரிதாக முடியும்.

புர்க்கினா ஃபாசோவின் அண்டை நாடான பெனினில், வடகிழக்கே உள்ள கலாலே பகுதியில் 2007-இல் இதற்கு ஒரு மாற்று முயற்சி தொடங்கியது. இரண்டு கிராமங்களில், பெண்கள் சங்கங்களுக்காக அரை ஹெக்டேர் அளவில் மூன்று தோட்டங்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் சூரிய மின்சாரத்தில் ஓடும் பம்பு, ஒரு தொட்டி, சொட்டுநீர்க் குழாய்கள். பகலில் பம்பு தொட்டியை நிரப்பும். தொட்டியின் உயரமே போதிய அழுத்தம் தந்து நீரைச் செடியின் வேருக்கு அனுப்பும். பேட்டரி கிடையாது. வெயில் கடுமையாக அடிக்கும் நாளில் செடிக்குத் தாகம் அதிகம். அதே வெயிலில் பம்பும் அதிகம் இறைக்கும். மேகம் மூடிய நாளில் இரண்டும் குறையும். செடியின் தேவையும் பம்பின் ஓட்டமும் ஒரே சூரியனைச் சார்ந்திருப்பதால் கணக்கு தானாகச் சரியாகிவிடுகிறது.

நிர்வாக ஏற்பாடும் கவனிக்கத் தக்கது. ஒரு தோட்டத்துக்கு 30 முதல் 35 பெண்கள். ஒவ்வொருவருக்கும் 120 சதுர மீட்டர் சொந்தப் பாத்தி. அதில் விளைவது அவளுக்கே. மிச்சப் பாத்திகளில் எல்லோரும் சேர்ந்து பயிர் செய்து, அந்த வருமானத்தைப் பழுதுபார்ப்புக்கும் பொதுச் செலவுக்கும் வைத்தார்கள். தண்ணீரும் கருவியும் பொது, விளைச்சல் தனி. கூட்டுப்பண்ணை என்றாலே எல்லாம் பொது என்று கருதித் தோற்றுப்போன முயற்சிகள் உலகில் பல உண்டு. கலாலே பெண்கள் எது பொது, எது தனி என்று முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள்.

ஜெனிஃபர் பர்னியும் சக ஆய்வாளர்களும் முதலாண்டு முடிவுகளை 2010-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு தோட்டமும் மாதம் சராசரியாக 1.9 டன் விளைச்சல் தந்தது. பெண்கள் எடைக்கணக்கில் 18 விழுக்காட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியை உள்ளூர்ச் சந்தையில் விற்றார்கள். ஒப்பீட்டுக் கிராமங்களைவிட இங்கே வருமானமும் உணவும் மேம்பட்டன. அதிலும் மழையில்லாத மாதங்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

18 விழுக்காடுதானா, மீதியையும் அவர்களே தின்றிருக்கலாமே என்று சொல்லத் தோன்றும். ஆனால் தக்காளியை விற்ற காசில் பருப்பும் எண்ணெயும் மீனும் வாங்கலாம், மருத்துவச் செலவைச் சமாளிக்கலாம். தோட்டத்திலிருந்து உடம்புக்குப் போகும் வழி இரண்டு: ஒன்று நேராக அடுப்புக்கு, இன்னொன்று சந்தை சுற்றி அடுப்புக்கு. இரண்டாவது வழியில் முக்கியமான கேள்வி, அந்தக் காசு யார் முந்தானையில் முடியப்படுகிறது என்பதே.

யாரும் கேட்காத நிலம்

பெண்ணுக்கு நிலம் எங்கிருந்து வரும்? சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதியின் பல சமூகங்களில் நிலம் ஆண் வழியில்தான் போகிறது. கணவன் வீட்டார் ஒதுக்கித் தரும் மூலைதான் பெண்ணுக்கு. மண் தேறியதும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு.

நைஜர் நாட்டில் இக்ரிசாட் நிறுவனம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் தலைமையகம் கொண்ட, வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு மையம் இது. செம்பொறை மண் இறுகி, புல்லும் முளைக்காமல், யாரும் உரிமை கொண்டாடாத பொட்டல் நிலத்தைக் கிராமத் தலைவர்களிடம் கேட்டுப் பெண்கள் சங்கங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மண்ணில் 'ஸாய்' குழிகள் வெட்டப்பட்டன. ஒரு சாண் அகலம், அரைச் சாண் ஆழம், உள்ளே ஒரு கை எரு. எருவைத் தேடி வரும் கரையான் மண்ணைத் துளைக்க, ஓடிப்போயிருக்க வேண்டிய மழைநீர் குழிக்குள் இறங்குகிறது. புர்க்கினா ஃபாசோவின் யாத்தெங்கா பகுதி விவசாயிகள் புதுப்பித்த பழைய முறை இது. அதைப் பரப்பிய உழவர் யாகூபா சவதோகோவுக்கு 2018-இல் 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தது. 2023-இல் அவர் மறைந்தார்.

குழிகளில் வெண்டை, அரைவட்டக் கரைகளுக்குள் இலந்தை, கூடவே முருங்கை. இலந்தையில் பெரிய பழம் தரும் இந்திய ரகத்தை ஒட்டுக்கட்டி வளர்த்து, அதற்குச் 'சாஹேல் ஆப்பிள்' என்று பெயர் வைத்தார்கள். வைட்டமின் சி நிறைந்த பழம். கம்பு உணவோடு சேர வேண்டிய துணை. ராமநாதபுரத்துப் பிள்ளைகள் முள்ளுக்குள் கை விட்டுப் பறிக்கும் அதே இனம், அங்கே பெண்களின் வருமானப் பயிரானது.

குலுக்கலின் விடை

இனிக் கூர்மாவுக்குத் திரும்பலாம். அங்கே சோதனையை நடத்தியது ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு. விளைவை அளந்தது வாஷிங்டனைத் தலைமையகமாகக் கொண்ட பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம். திட்டத்துக்குள் வந்தவர்கள், மூன்று மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தை உள்ள தாய்மார்கள். ஊர்ப் பொது நிலத்தில் ஒரு மாதிரிப் பண்ணை. அதை நடத்த ஊர்ப் பெண்களிலேயே நால்வருக்குப் பயிற்சி. அங்கே கற்றதை மற்றத் தாய்மார்கள் தங்கள் தோட்டத்தில் செய்தார்கள். விதை, கன்று, கருவி, கோழி ஆகியவை வழங்கப்பட்டன. கூடவே வீட்டுக்கு வந்து உணவு, தாய்ப்பால், கைகழுவுதல் பற்றிப் பேச ஆட்கள்.

அந்தப் பேச்சு யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதும் சோதனையின் ஒரு பகுதி. 15 கிராமங்களில் ஊரில் மதிப்புள்ள மூத்த பெண்கள் பேசினார்கள். மாமியார் சொன்னால் மருமகள் கேட்பாள், மாமியாரே மனம் மாறினால் வீடே மாறும் என்பது எதிர்பார்ப்பு. மற்ற 15 கிராமங்களில் கிராம சுகாதாரக் குழுவினர் பேசினார்கள்.

இடையில் 2011-இல் மழை பொய்த்து, 2012-இல் சாஹேல் முழுவதும் உணவு நெருக்கடி வந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களின் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். தோட்டக் கிராமங்களை மட்டும் முன்னும் பின்னும் அளந்திருந்தால் பஞ்சத்தின் பாதிப்பையும் தோட்டத்தின் பலனையும் பிரித்தே இருக்க முடியாது.

முடிவுகள் 2015, 2016-இல் வெளியாகின. எடை குறைந்த தாய்மார்களின் விகிதம், ஒப்பீட்டுக் கிராமங்களின் மாற்றத்தைக் கழித்துப் பார்த்தபோது, 8.7 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. தாய்மார்கள் பழம் உண்பது கூடியது. சுகாதாரக் குழுவினர் பேசிய கிராமங்களில், தொடக்கத்தில் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளிடையே சோகை 14.6 புள்ளிகள் குறைந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் ஏறத்தாழ 16 புள்ளிகள் குறைந்தது. மூத்த பெண்களின் பேச்சுதான் எடுபடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது சுகாதாரக் குழுக் கிராமங்களில்.

எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதம் மாறவில்லை. தாய்மார்களின் உணவில் வகைகள் கூடியதும் சிறிதளவுதான். இரண்டு ஆண்டுத் தோட்டம் தலைமுறைகளின் பசியைத் துடைத்துவிடாது.

ஆனால் இன்னொரு பட்டியலும் இருந்தது. பெண்கள் மற்றப் பெண்களைச் சந்தித்துப் பேசுவது, வீட்டுக்கு என்ன வாங்குவது என்று தீர்மானிப்பது, உடம்புக்கு முடியாதபோது மருத்துவரிடம் போவதைத் தானே முடிவுசெய்வது ஆகியவற்றை மொத்தம் 37 மதிப்பெண்ணுக்கு அளந்தார்கள். தோட்டக் கிராமங்களில் அது 3 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. ஆடு, கோழி போன்ற சிறு கால்நடைகளும் விவசாயக் கருவிகளும் பெண்கள் பெயரில் கூடின. பெண் நிலம் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு ஊரார் தரும் பதிலும் இளகியது.

8.7 புள்ளிகளுக்கு வெண்டைக்காயும் கீரையும் மட்டுமே காரணமாக இருக்க முடியாது; அவற்றின் கலோரி அற்பம். முட்டை, கோழி, விற்ற காசு, அந்தக் காசை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு, நோய் வந்ததும் மருத்துவரிடம் போகும் துணிவு எல்லாம் சேர்ந்தே அந்த எடையை ஏற்றியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. தமிழ்நாட்டில் 53.4. பொது விநியோகத்தில் அரிசிக்குக் குறைவில்லாத மாநிலத்தின் நிலை இது. கலோரி கிடைப்பதும் இரும்பு கிடைப்பதும் வேறு வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெண்கள் சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுத்து உழும் முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. கேரளத்தின் குடும்பஸ்ரீ குழுக்களையும் தெலங்கானாவின் பெண்கள் குழுக்களையும், அந்தந்தப் பகுதியில் பெரும்பாலும் ஆண்கள் நடத்தும் தனிக் குடும்பப் பண்ணைகளோடு ஒப்பிட்டார் பொருளியலாளர் பீனா அகர்வால். 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கேரளத்தில் ஹெக்டேருக்கான உற்பத்தி மதிப்பிலும் நிகர வருமானத்திலும் பெண்கள் குழுக்களே முந்தின. தெலங்கானாவில் குழுக்களின் உற்பத்தி மிகவும் பின்தங்கியது. ஆனாலும் கூலி ஆள் செலவு மிச்சமானதால் நிகர வருமானம் தனிப் பண்ணைகளுக்குச் சமமாக நின்றது. சேர்ந்து உழுதாலே விளைந்துவிடாது. எப்படிப்பட்ட நிலம், எந்தப் பயிர், பின்னால் எந்த அமைப்பு என்பவை தீர்மானிக்கின்றன.

இதில் மறக்கக் கூடாத ஒரு செலவு பெண்ணின் நேரமும் உடல் உழைப்பும். தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளை வளர்த்து, கூலிக்கும் போய் வருபவளிடம் தோட்டத்தையும் சேர்த்து ஒப்படைத்தால், தோட்டம் தரும் ஆற்றலை அதன் வேலையே தின்றுவிடக்கூடும். கலாலேயின் பம்பு காய்கறியைக் கூட்டியதோடு நிற்காமல் தலைச்சுமையையும் இறக்கியது. சுமையைக் குறைக்காத திட்டம் பெண்ணின் நலத்துக்கான திட்டம் ஆகாது.

அமைதியும் வேண்டும். 2018-க்குப் பிறகு கிழக்குப் புர்க்கினா ஃபாசோவை ஆயுதக் குழுக்களின் வன்முறை சூழ்ந்தது. நாடு முழுவதும் இருபது லட்சம் பேர் வரை ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. குழியும் விதையும் பயிற்சியும் இருந்தாலும், நிற்க இடமில்லாதவளுக்கு அவை உதவாது.

விருதுநகரிலோ ராமநாதபுரத்திலோ நாளை ஒரு பெண்கள் கூட்டுப்பண்ணைத் திறப்பு விழாச் செய்தியைப் படிக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். நிலத்துக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், அது யார் பெயரில்? ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எங்கிருந்து? கீரைக்குத் துணையாகப் புளிப்புப் பழமும் முட்டையும் உண்டா? விற்ற காசு யார் கணக்கில் ஏறுகிறது? பெண்களின் வேலை நேரம் கூடியதா, குறைந்ததா? தொடங்கும் முன்னும் ஈராண்டு கழித்தும் அவர்களின் ஹீமோகுளோபினை அளக்கப் போவது யார்? இரும்புச்சத்து மாத்திரையும் மலேரியாத் தடுப்பும் குடற்புழு மருந்தும் தொடர்கின்றனவா? தோட்டம் இவற்றுக்கு மாற்று இல்லை. இவற்றோடு சேர வேண்டியது.

இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் அது சுகாதாரத் திட்டம். இல்லையென்றால் அது வெறும் காய்கறித் திட்டம். காய்கறித் திட்டத்திலும் தவறில்லை. அதைப் பெண்கள் நலத் திட்டம் என்று கணக்கெழுதுவதுதான் தவறு.